நாலாவது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

காலை ஐந்தரைக்கு எங்கள் பிக்கப் வண்டி கிளம்புகிறது. முதலில் ஒரு இருமல். பிறகு அதன் தொண்டை சரியாகிறது. கேட்டுக்கு வெளியே இருக்கும் சிமெண்ட் மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது, பின்சக்கரம் ஏறி இறங்குகிறது. அந்த இரண்டாவது இறக்கம் காதில் விழுந்ததும் நான் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறேன். தூக்கத்தோடு எனக்கு ஒருநாளும் நல்ல உறவு இருந்ததில்லை. எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், அரை வரி எழுதி அதை அடிப்பேன். இப்போது ஒரு டீசல் வண்டி என்னைத் தூங்கவைக்கிறது. நடுவில் நாற்பது நாள் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது. அந்த நாற்பது நாளையும், அதை முடித்துவைத்த ஒரு செவ்வாய்க்கிழமையையும் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுவது என் மனைவி. கங்காதர நெல்லூரைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி, திருப்பதியில் மாணவர் விடுதிகளுக்கும் சில ஓட்டல்களுக்கும் இறக்கிவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்புவாள். வாரத்தில் பாதி நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. லைசன்ஸுக்காக மூன்று முறை எட்டுப் போடப் போய், மூன்று முறையும் ஆறு போட்டுவிட்டு வந்தவன் நான். என் கண் ரோட்டில் நிற்காது. மாந்தோப்பைப் பார்க்கும், மேகத்தைப் பார்க்கும், எதிரே வரும் லாரியின் நெற்றியில் எழுதியிருப்பதை வாசிக்கும். அவள் கண் அப்படியில்லை. ரோட்டில் எங்கே ஒரு கல் எழும்பியிருக்கிறது, எங்கே நேற்றில்லாத பள்ளம் விழுந்திருக்கிறது என்று அது தடவிக்கொண்டே போகும். முட்டை ஏற்றுகிறவள் கண்.

அந்த வண்டியை மூன்று வருடத்துக்கு முன் பழையதாகத்தான் வாங்கினோம். வாங்கச் சொன்னது நான். காரணம் சொன்னால் வெட்கம். அதன் சக்கரங்கள் அத்தனை அழகு. ஐந்து கை விரித்த அலாய் வீல், வெள்ளி பூசினது போல. வண்டி நின்றிருக்கும்போதே சுற்றுகிற மாதிரி இருக்கும். முன்பு வைத்திருந்தவர் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர். சாமந்தியும் தெர்மாகோல் மயிலும் தவிர அந்த வண்டியில் எதையும் ஏற்றியதில்லை. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீலு பளபளன்னு இருந்தா முட்டை ஒடையாதா?" என்று கேட்டாள். நான் சிரித்துப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் சபைப் போதகர் பானட்டின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். ஊரில் புது வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்பார்கள். நாங்கள் வைக்கவில்லை. அவள் உபதேசியார் மகள். அந்த வீட்டில் எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கும் ரசத்துக்கும்தான்.

சந்திரகிரிக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் ஒருநாள் காலையில் இடது முன்டயர் வெடித்தது. வெடித்தது என்று எழுதிவிடலாம். காதுக்கு அது ஒரு பெரிய கதவை யாரோ ஆத்திரத்தில் அறைந்தது போல இருந்தது. வண்டி இடது பக்கம் இழுத்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, வண்டியை ஓடவிட்டு, ஓடவிட்டு, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். பின்னால் தட்டுகள் சரிந்தன. இறங்கிப் பார்த்தபோது ரோடு மஞ்சளாக ஓடியது. வெயில் உருகி வழிந்த மாதிரி இருந்தது என்று அந்த நேரத்திலும் என் புத்தி உவமை தேடியது. பக்கத்தில் இருந்தவர்கள் பக்கெட்டோடு ஓடிவந்து உடையாததைப் பொறுக்கித் தந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் அவள் இறங்கவில்லை. கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். ஸ்டெப்னி மாட்டி, வேறொரு டிரைவர் வண்டியை வீடு சேர்த்தார். அவள் சாவியை வாங்கிச் சமையலறைக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து அதை எடுக்கவில்லை.

பண்ணைக்காரர் நல்ல மனிதர். வேறு வண்டி போட்டுச் சமாளிக்கிறேன், மாசக் கடைசிவரைக்கும் பார்க்கிறேன் என்றார். தெருவில் ஒரு பெண்மணி, வண்டி வாங்கின அன்றைக்கே நாலு பழம் நசுக்கியிருந்தால் இது நடந்திருக்குமா என்று அவள் காதில் விழும்படி கேட்டாள். என் மனைவி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாதாரண நாளில் அந்தப் பெண்மணி தெருமுனைவரை பதில் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். முப்பதாவது நாள் என் மனைவியே சொன்னாள், வண்டிய வித்துடலாம் என்று. குப்பத்தில் கிரானைட் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்குவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அவள் ஓட்டாமல் இருந்தால் வீட்டில் சோறு நிற்காது, வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். எனக்கிருந்த பயம் வேறு. வண்டி ஓட்டும்போது மட்டும் அவள் பாடுவாள், திட்டுவாள், எதிரே வருகிறவனுக்குப் பட்டப்பெயர் வைப்பாள். அந்த மனுஷி சாவியோடு சேர்ந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். வண்டி போய்விட்டால் அவளும் குப்பத்துக்குப் போய்விடுவாள் என்று தோன்றியது. அதுவும் என் பளபளப்பு ஆசையால்.

விற்கிற வண்டிக்குப் புது டயர் போட வேண்டும் என்றதும் அவள்தான். "இந்த டயரோட ஒருத்தர் கைல குடுத்தா அது பாவம்" என்றாள். "அவுரு கல்லு ஏத்தற மனுசன்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை சித்தூருக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர்தான் வண்டியை ஓட்டி வந்து வேலூர் ரோட்டில் ஒரு டயர் கடையில் நிறுத்தினார். மதியம் டியூட்டி இருக்கிறது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. டயர் கடையில் எப்படி உட்கார முடியும்? தூண் தூணாக அடுக்கியிருந்த கறுப்பு வளையங்களுக்கு நடுவே புது ரப்பரின் வாசனை, மழைக்கு முந்தின மண்ணைப் போல மூச்சில் நிற்கிறது. ஒவ்வொரு டயரின் விலாவிலும் எழுத்தும் எண்ணுமாக ஏதோ எழுதியிருக்கிறது. குனிந்து குனிந்து வாசித்தேன்.

கடைக்காரர் பருத்த உடம்பு, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். வெடித்த டயரைக் காலால் புரட்டி, அதில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு டயர் பிறந்த வாரம், பின் இரண்டு வருடம். எங்கள் டயருக்கு வயது எட்டு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. "இது காரு டயரு அன்னா" என்றார். "இதும்மேல மூணு வருசம் முட்டை ஏத்தினீங்களா? தைரியந்தான் உங்குளுக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  நான் மறுபடி எண்களை வாசிக்கப் போனேன்.

பிறகு வேலை நடந்தது. அலாய் வீல்கள் நாலும் கழன்றன. சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அங்கேயும் ஜொலித்தன, வெட்கமில்லாமல். அவற்றின் இடத்தில் கறுப்பு இரும்பு டிஸ்க், அதில் பாரம் தாங்குகிற டயர். தடித்த வரி, தடித்த விலா, ஆட்டுக்கல் மாதிரி ஒரு கனம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் இரண்டு தகர டப்பாவை வைத்துக்கொண்டு விளக்கினார். அலாய் வீலுக்கு நட்டு வேறு, இரும்பு டிஸ்குக்கு வேறு. டிஸ்கின் துளை கூம்பாக உள்ளே சரியும், அதற்கு மூக்கு கூரான நட்டு. கழற்றின பழைய நட்டெல்லாம் ஒரு டப்பாவில், புதுசு இன்னொரு டப்பாவில். அவள் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு டப்பாவையும் பார்த்தாள்.

வேலை செய்தவர் இருபது வருடமாக அங்கே இருப்பவர். பின்னால் இரண்டு, முன்னால் வலது, மூன்றையும் மாட்டிவிட்டு, துன்னுட்டு வர்றேன் என்று டிபன் பாக்ஸோடு போனார். நாலாவதை, இடது முன்சக்கரத்தை, வெடித்த இடத்துக்குப் போகவேண்டிய அந்தச் சக்கரத்தை, கடைக்காரரே மாட்டினார். காற்றில் ஓடும் முறுக்கி ஐந்து முறை கத்தியது. ஜாக் இறங்கியது. வண்டி ஒரு பெருமூச்சோடு புதுக் காலில் உட்கார்ந்தது.

கடைக்காரர் உள்ளே போய் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். குனிந்து, மூச்சு வாங்கி, நாலு டயருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார்.

"வேணாம்ண்ணா" என்றாள் அவள்.

"உங்க சாமி உங்குளுது அக்கா. டயரு என்னுது" என்றார் அவர். "பழம் நசுக்காம என் டயரு இந்தக் கடை வுட்டு எறங்கனதே இல்ல."

அந்த நேரம் அவள் முகத்தைப் பார்த்தேன். தெருப் பெண்மணியின் கேள்வி அதில் வந்து நின்றது. கோபமா, அவமானமா, ஒருவேளை உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகமா, எனக்குத் தெரியாது. வைத்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்துவிட்டாள். "நானே எடுத்துக்கறேன். ஜூஸு போட ஆவும்" என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வண்டியின் பின்னால் போனாள்.

வலது பின்சக்கரத்தடியில் குந்தி ஒரு பழம் எடுத்தாள். இடது பின்சக்கரம், ஒரு பழம். சுற்றிவந்து வலது முன்சக்கரம், ஒரு பழம். நாலாவதற்குப் போய்க் குந்தினாள். எழவில்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூலை அவளைப் பிடித்துக்கொண்டது என்றே நினைத்தேன். புளியமரம் கண்ணில் வந்திருக்கும், கை மறுபடி உறைந்திருக்கும். பக்கத்தில் போகவும் பயமாக இருந்தது.

"இன்னாங்க, இங்க வாங்க" என்றாள். குரல் உறையவில்லை. "அந்தப் பக்கத்து வீலப் போய்ப் பாத்துட்டு வாங்க. நட்டு எப்பிடிக் கீதுன்னு பாருங்க."

பார்த்துவிட்டு வந்தேன். நட்டு நட்டாகத்தான் இருந்தது.

"அதுல குழிக்குள்ள எறங்கி உக்காந்துக்கினு கீது. இதுல வாசல்லியே நிக்குது. தட்டுல உக்காராத முட்டை மாரி."

முட்டைத் தட்டு ஒன்றில் முப்பது குழி. தினமும் காலையில் நூற்றுக்கணக்கான தட்டின் மேல் அவள் கண் ஓடும். ஒரு முட்டை அளவு பெரிசாக இருந்து குழியில் அமராமல் ஒரு நூல் தூக்கி நின்றால், அடுத்த தட்டை மேலே வைத்ததும் அதுதான் முதலில் உடையும். அதை எடுத்துத் தனியே வைப்பாள். எத்தனையோ வருடமாக அவள் கண் செய்துவரும் வேலை அது. அந்தக் கண் இப்போது ஐந்து நட்டின் மேல் ஓடி, ஐந்தும் உட்காரவில்லை என்று சொன்னது.

கடைக்காரர், ஏமி காதக்கா, ஒன்றும் ஆகாது, பிடித்துத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். குனிந்தார். கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். விரலால் ஒரு நட்டைத் தடவினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டி இரண்டு டப்பாவையும் இழுத்துப் பார்த்தார். பழைய டப்பாவில் ஐந்து குறைந்தது, புது டப்பாவில் ஐந்து மிச்சம் இருந்தது. அலாய் வீலின் தட்டை நட்டைக் கூம்புத் துளையின் மேல் வைத்து முறுக்கியிருக்கிறார். இறுகினது போலத்தான் காட்டும். பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓடினால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் கழன்றே போகும்.

"என் கையால போட்டேன் அக்கா" என்றார், அவ்வளவு மெதுவாக. "பழம் வெச்சேனே தவிர பாக்கலியே."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை நீட்டி ஸ்பேனரைக் கேட்டாள். ஐந்து நட்டையும் அவளே கழற்றினாள், புதுசு ஐந்தை விரலால் சுற்றி ஏற்றினாள். ஒன்று விட்டு ஒன்றாக முறுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சரி என்று தலையசைத்து அப்படியே செய்தாள். கடைசியில் ஸ்பேனரின் நீண்ட தண்டின் மேல் ஒரு காலை வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்போடு ஏறி நின்றாள். நட்டு கீச்சென்று ஒரு இம்மி நகர்ந்து நின்றது. அவள் பாரம் என் தோளில் இறங்கினது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. பிறகு மற்ற மூன்று சக்கரத்துக்கும் போய்ப் பதினைந்து நட்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஸ்டெப்னியையும் இறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

கடைக்காரர் கையில் ஒரு பழத்தை உருட்டிக்கொண்டு நின்றார். ஒண்ணே ஒண்ணு வைக்கட்டுமா என்று கேட்டார், ஏறக்குறைய கெஞ்சலாக.

"நீங்க வெச்சா நான் குனிஞ்சு எடுப்பேன்" என்றாள். "குனிஞ்சா இன்னும் ஏதாச்சும் கண்ல படும். பரவால்லியா?"

அவர் பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு வந்த பழைய ஆள் என்ன நடந்தது என்று தெரியாமலே சிரித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்தாள். பஸ் டிரைவருக்குத்தான். அண்ணே, சாயங்காலம் நீங்க வரவேணாம் என்று மட்டும் சொன்னாள்.  எந்த வார்த்தை சொன்னாலும் அது கலைந்துவிடும் போலிருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, மூன்று எலுமிச்சம்பழத்தையும் டேஷ்போர்டில் வைத்தாள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, எல்லா நட்டையும் ஒருதரம் முறுக்கிப் பார்க்கணும் என்று கடைக்காரர் ஜன்னலில் வந்து சொன்னார். அந்த ஸ்பேனரை அவளிடமே கொடுத்தார், வைத்துக்கொள்ளுங்கள் என்று.

கடையிலிருந்து வலது பக்கம் திரும்பினால் வீடு. அவள் இடது பக்கம் திரும்பினாள்.

"திருப்பதி வரிக்கும் போயிட்டு வரலாம்" என்றாள்.

பூதலப்பட்டு தாண்டும்வரை நான் பேசினேன். மாந்தோப்பைப் பற்றி, புது டயரின் சத்தம் பழையதைவிடக் கனமாக, அம்மி இழுக்கிற மாதிரி இருப்பதைப் பற்றி, எட்டு வயசு டயரைப் பற்றி. சும்மா வாங்க என்றாள். சும்மா வந்தேன். அவள் விரல் முட்டி வெளுத்திருந்தது. லாரி ஒன்று பக்கவாட்டில் கடக்கும்போதெல்லாம் தோள் காதுவரை ஏறி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது. ஒரு வளைவில், தன்னையறியாமல், ஒரு கையால் கியரை மாற்றினாள்.

புளியமரம் வந்தது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினாள். அதே மரம், அதே ஒரு முழம். கிலோமீட்டர் முள்ளைப் பார்த்தேன். கடையிலிருந்து ஐம்பதுக்குப் பக்கம் வந்திருந்தோம். அவள் ஸ்பேனரோடு இறங்கினாள். ரோட்டில் முட்டை ஓட்டின் ஒரு துணுக்குகூட இல்லை. நாற்பது நாளின் சக்கரங்கள் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போயிருந்தன. இடது முன்சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. இருபதும் அசையவில்லை. இருபதாவதில் ஸ்பேனரை எடுத்துவிட்டு, டயரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், மாட்டைத் தட்டுவது போல.

மரத்தடியில் கொய்யாப்பழம் விற்கிற ஒரு பெண் எழுந்து வந்தாள். என் மனைவியை உற்றுப் பார்த்துவிட்டு, "குட்ல அக்கா காதா மீரு?" என்று கேட்டாள். முட்டை அக்காதானே நீங்கள்! அன்றைக்குப் பக்கெட் கொண்டுவந்தவர்களில் இவளும் ஒருத்தி. அன்றைக்கு எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது போக, லேசாகக் கீறியதையெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்களாம். இரண்டு நாள் ஊரெல்லாம் ஆம்லெட் வாசனையாம். அவள் வீட்டுக்காரர் இன்னமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அந்த வண்டி மறுபடி எப்போது வரும் என்று கேட்கிறாராம்.

என் மனைவி சிரித்தாள். நாற்பது நாளைக்குப் பிறகு. குனிந்து, ஸ்பேனரைத் தரையில் ஊன்றி, மூச்சு முட்டச் சிரித்தாள். கொய்யாக்காரிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள், அவள் இரண்டு கொய்யா கொடுத்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அங்கேயே நின்று குப்பத்துக்குப் போன் போட்டாள். "பண்டி அம்மட்லேதன்னா" என்றாள். வண்டி விற்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். டயர் மாற்றிவிட்டோம் என்றாள், அதுவே முழுக் காரணம் என்பது போல. ஒருவகையில் அதுதான்.

வண்டியில் ஏறினோம். கண்ணாடி முழுக்கத் திருமலை எழுந்து நின்றது, சாயங்கால வெயிலில் செம்மண் நிறமாக. டேஷ்போர்டில் மிச்சமிருந்த இரண்டு பழமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. முன்னால் போன ஆட்டோக்காரனுக்கு அவள் ஒரு பட்டப்பெயர் வைத்தாள்; அதை எழுத முடியாது. பிறகு ஒரு கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தை, முதல் சரணம் மறந்துபோனதால், பாட ஆரம்பித்தாள்.

நான் அதைக் கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். சந்திரகிரிக் கோட்டை பக்கத்தில் வந்ததுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் என் தோளை உலுக்கி, "எழுந்திருங்க, ஊரு வந்துச்சு" என்றாள். வாயோரம் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு ஆழமாகத் தூங்கியிருந்தேன்.